பாதி நாய்

அறுபத்து மூன்றில்
பள்ளத்தூர்க் கொட்டகையில் படம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
துப்பாக்கி என்னுடையதல்ல,
அரு. சொ. பெத்தபெருமாளுடையது; லைசென்சும் அவர் பேரில்.
நாயில் மட்டும் எனக்குப் பாதி.

கூடலூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் பிறந்தது.
பழக்கூடைக்குள் ரயிலில் வந்து இறங்கியபோது
வறுத்த கொட்டை நிறம்.
மலாயாவில் இருந்த வாயால் அவர்
"கோப்பி" என்றார். வாலை ஆட்டிவிட்டது.
பெயர் வைத்தல் அவ்வளவுதான்.

புரட்டாசியில் தொடங்கினோம்.
உமி அடைத்த காலுறை, அதன்மேல்
சணலால் கட்டிய கிளுவையின் பழைய இறக்கை.
வீசினால் எடுக்கும், கொண்டுவராது.
கொண்டுவந்தால் கொடுக்காது.
பிடுங்கினால் காலுறை பாதிதான் இருக்கும்.
மெதுவாய்க் கவ்வட்டும் என்று வாயில் முட்டை வைத்தோம்.
பதினேழு உடைந்தன.
பதினெட்டாவதை எச்சில் ஒழுக
வளவு முழுக்க எழுந்தருளப் பண்ணியது.

நீச்சல் நாங்கள் பழக்கவில்லை.
அதுவே ஒருநாள் குதித்தது, குடிதண்ணீர் ஊருணியில்.
ஐந்து ரூபாய் அபராதம்.
பெத்தபெருமாள் கட்டிவிட்டு
இரண்டரையை என்னிடம் கேட்டு வாங்கினார்.

வெடிச்சத்தத்துக்கு நான்தான் வழி சொன்னேன்.
இரண்டாம் ஆட்டம், சண்டை வரும் ரீலில்
ஆபரேட்டர் அறையில் என் காலடியில் படுக்கவைத்தேன்.
வில்லன் சுட்டான், கதாநாயகன் சுட்டான்,
குதிரையில் போன அத்தனை பேரும் சுட்டார்கள்.
ஒரே மாதம். குறட்டை விட ஆரம்பித்தது.

தை கடைசி.
விடியாத கண்மாய்க்கரை, கருவேல மறைவு.
வடக்கே அறுத்த வயலில் யாரோ கிடை போட்ட புகை.
நடுத்தண்ணீரில் கிளுவைகள்
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வீடு மாதிரி
பேச்சு அடங்காமல் கிடந்தன.
கோப்பி ஒரு காதைத் தூக்கியது.

பெத்தபெருமாள் சுட்டார்.

திரையில் சுட்டால் நாற்றம் வராது.
காற்று வந்து நெஞ்சில் இடிக்காது.
தண்ணீர் முழுவதும் ஒரே துணியாய்க் கிழிந்து
மேலே போகாது.
கோப்பி என் வேட்டிக்குள் புகுந்தது.
அதன் நெஞ்சு என் முழங்காலில்
தையல் மிஷின் மாதிரி ஓடியது.
எங்கோ ஒன்று விழுந்தது,
தண்ணீர் ஒருதரம் சொல்லிவிட்டுப் பேசாமலிருந்தது.
"போ" என்றார். "போடா கோப்பி."
போகவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.
அப்புறம், ஏனோ, தானே இறங்கியது.
தலை தெரிந்தது.
பிறகு கோரை மட்டும்.

இரண்டு பீடி முடிந்து வெயிலும் வந்துவிட்டது.
அது வடக்கிலிருந்து வந்தது, வரப்பு வழியாக,
வாயில் ஒரு வாத்து.
கொழுத்தது, வெள்ளையும் சாம்பலுமாய்,
கழுத்தை நீட்டி
வழி நெடுக எங்களைத் திட்டிக்கொண்டே வந்தது.
கோப்பி அதை என் செருப்பின்மேல் வைத்தது.
வாத்து எழுந்து உதறிக்கொண்டது.

பின்னாலேயே இருளாயி, நீளக் கம்போடு.
திருவாடானையிலிருந்து நானூறு தாராவை
நடத்தியே கொண்டுவந்தவள்.
வசவு வாயில் தயாராய் இருந்தது.
வாத்தைத் தூக்கி இறக்கையை விரித்தாள்,
தொண்டையைத் தடவினாள், வயிற்றை ஊதிப் பார்த்தாள்.
ஒரு பொட்டு ரத்தமில்லை.
"நாயை என்ன வெலைக்குத் தருவீக?"
துப்பாக்கியை மடக்கிக்கொண்டே பெத்தபெருமாள் சொன்னார்,
"பாதிதான் என்னுது."

விழுந்த கிளுவை கிடைக்கவில்லை.
இடுப்பளவு இறங்கி நானே தேடினேன்.
இரண்டு இறகு, நிறைய அட்டை.

அன்று ராத்திரி, அதே ரீல்.
முதல் வெடிக்கே எழுந்து உட்கார்ந்தது.
வெளிச்சம் போகும் ஓட்டையில் மூக்கை வைத்து
முகர்ந்து முகர்ந்து பார்த்தது.
குதிரையிலிருந்து ஒருவன் விழுந்தான்.
கதவைத் தள்ளிக்கொண்டு ஓடியது,
மணலில், கால்களுக்கு நடுவே, கூச்சலுக்கு நடுவே,
திரைக்குப் பின்னாலும் போய்த் தேடியிருக்கும்போல.
திரும்பி வந்தபோது
வாயில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
பல் படாமல்.

ரீல் மாற்ற இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.
கையை நீட்டினேன்.
கொடுத்துவிட்டது.